வெளுத்த பல்லும் மெலிந்த எனாமலும்: ஹட்டனில் பார்த்த ஒரு நிகழ்வு

மார்கழி கடைசி. ஹட்டனில் பனி விலகவே ஒன்பது மணியாகும் நாட்கள். கிளினிக்கைத் திறக்க வந்தபோது படியில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு 27 வயது. கம்பளிச் சால்வையால் வாயை மூடியிருந்தார். குளிருக்காக என்று நினைத்தேன். உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்த பிறகும் சால்வையை எடுக்கவில்லை.

"காத்து பட்டாலே பல்லு சுள்ளுன்னு இழுக்குது டொக்டர்" என்றார், சால்வைக்குள்ளிருந்தே.

தாய் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு மகளோடு வந்திருந்தார். அவர் வந்ததும் வராததுமாகச் சொன்னது இதுதான்: "காசு குடுத்து பல்ல வெள்ளையாக்கப் போனா, அந்த மருந்து பல்லையே தின்னுடுச்சுங்க ஐயா."

மருந்து பல்லைத் தின்றதா? இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வாயைத் திறந்து பார்த்த பிறகு அப்படி முடியவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். நோயாளியின் அனுமதியோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

நடந்தது என்ன

அந்தப் பெண் மூன்று வருடம் கொழும்பில் அலுவலக வேலை பார்த்தவர். தை கடைசியில் கல்யாணம் குறித்திருந்தார்கள். "போட்டோவில பல்லு மஞ்சளா விழும்" என்று யாரோ சொன்னது மனதில் தங்கிவிட்டது. கொழும்பில் ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கொடுத்த அட்டையை மடித்துப் பையில் வைத்திருந்தார். அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. 35 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஜெல். ஒரு தடவைக்கு 15 நிமிடமாக மூன்று தடவை, நீல விளக்கோடு. பல்லின் நிறம் தொடங்கும்போது ஏ3, முடிந்தபோது பி1. அதாவது இலேசான பழுப்பு மஞ்சளிலிருந்து, நிற அட்டையில் உள்ள மிக வெளிறிய நிறத்துக்கு ஒரே மணித்தியாலத்தில்.

மூன்று நாளில் அந்த வெள்ளை கொஞ்சம் இறங்கிவிட்டது. நாலாம் நாள் மறுபடி போய், அதே ஜெல்லை அதே அளவு வைத்துக்கொண்டார். அன்றிரவு தொடங்கியது வலி. ஒரு பல்லில் மின்னல் போல ஒரு வெட்டு, ஓரிரு விநாடியில் அடங்கும். அப்புறம் வேறொரு பல்லில். விடியும் வரை தூக்கமில்லை.

இது போதாதென்று இன்னொன்று. இடது மேல் முன்பல்லின் மூலை சின்ன வயதில் விழுந்து உடைந்தது. அதைப் பல்லின் நிறத்திலேயே அடைத்திருந்தார்கள். வெளுப்பு மருந்து பல்லைத்தான் வெளுக்கும், அடைப்பை வெளுக்காது. பல் முழுக்க வெள்ளையாகி மூலை மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. பதறிப்போய், இரண்டாவது வெளுப்பு முடிந்து இரண்டே நாளில், வேறோர் இடத்தில் பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் வீட்டில் ரொட்டியைக் கடித்தபோது அது அப்படியே கழன்று வந்துவிட்டது. கழன்ற துண்டைச் சின்ன மோதிர டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்து வந்திருந்தார். நொய்யரிசி அளவு. உட்பக்கம் மழமழவென்று இருந்தது. பிடிப்பு முறிந்து வந்த அடைப்பின் உட்பக்கம் இப்படி வழவழப்பாக இருக்காது. பல்லின் மேலுறையான எனாமலின் சொரசொரப்பு அதில் பதிந்திருக்க வேண்டும். இந்த அடைப்பு பல்லைப் பிடிக்கவே இல்லை.

என்னிடம் வந்தது இரண்டாவது வெளுப்பு முடிந்த 13ஆம் நாள். கல்யாணத்துக்கு ஐந்து கிழமை (வாரம்) இருந்தது.

அட்டையில் ஒரு விஷயம் இல்லை. வெளுப்பதற்கு முன் பல் எந்த நிலையில் இருந்தது, தேய்வு உண்டா, வெடிப்பு உண்டா, என்ன சாப்பிடுகிறார், என்ன குடிக்கிறார் என்று ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் இவர் என் படியில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

வாய்க்குள்

சால்வையை எடுக்கச் சொல்லி, முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் கொப்பளிக்க வைத்தேன். கூச்சம் உள்ள பல்லைக் காற்றடித்துப் பார்ப்பது கொடுமை. ஆனால் காயவைக்காமல் எனாமலைப் படிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பல்லாக, பக்கத்துப் பற்களை விரலால் மூடிக்கொண்டு, ஒரு விநாடி மட்டும் காற்று. வலி 10க்கு எவ்வளவு என்று கேட்டேன். மேல் பற்களுக்கு 6, கீழ் முன்பற்களுக்கு 8 என்றார். கீழ் முன்பற்கள் மெல்லியவை. மருந்து நரம்புக்குப் போய்ச் சேரும் தூரம் குறைவு. அதனால் அங்கே வலி கூடுவது வழக்கமாகப் பார்ப்பதுதான்.

நான்கு விஷயங்கள் கண்ணில் பட்டன.

மேல் முன்பற்களில் பால் சிந்திய மாதிரி வெள்ளைத் திட்டுகள். "மொதல்ல இது இல்ல டொக்டர், மருந்து வச்ச பிறகுதான்" என்றார். அடுத்தது, அந்தப் பற்களின் நுனி. விளக்கைப் பின்னால் பிடித்தபோது கடைசி ஒன்றரை மில்லிமீற்றர் கண்ணாடி போல ஒளியை விட்டது, இலேசான சாம்பல் நீலத்தில். மூன்றாவது, பற்களின் பின்பக்கம். சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், ஆற்றில் உருண்ட கல் போல வழவழப்பு. இளம் பல்லில் குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள் இருக்க வேண்டும். இங்கே அவை ஒன்றுகூட இல்லை. கடைவாய்ப் பற்களின் முகட்டில் குண்டூசித் தலை அளவு குழிகள், நடுவில் மஞ்சள் புள்ளி. எனாமல் போய், அதற்கு அடியிலுள்ள மஞ்சள் அடுக்கான டென்டின் எட்டிப் பார்க்கும் இடங்கள் அவை. நான்காவது, மூலை உடைந்த பல்.

முரசில் (ஈறில்) புண் இல்லை. 35 சதவீத ஜெல் முரசில் பட்டால் உடனே வெளுத்துச் சுடும். அங்கே முரசை ஒழுங்காக மூடிப் பாதுகாத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். பற்களின் உயிர்ப்பைக் குளிரால் சோதித்தேன். எல்லாப் பல்லும் பதில் சொன்னது, வலி உடனே அடங்கியது. தட்டினால் வலி இல்லை. எக்ஸ்ரேயில் வேர்நுனிகள் சுத்தம். நரம்பு செத்துப் போகவில்லை, நிதானமாகப் போகலாம்.

பின்பக்க வழவழப்பைப் பார்த்ததும் எனக்கு ஜெல் மேல் இருந்த சந்தேகம் விலகத் தொடங்கியது. வெளுப்பு ஜெல்லைப் பூசுவது முன்பக்கத்தில். தேய்ந்திருப்பதோ பின்பக்கமும் கடைவாய் முகடும். அதுவும் இரண்டு கிழமையில் வந்த தேய்வு அல்ல.

எலுமிச்சையும் வவுனியாக் கிணறும்

நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "காலையில எழும்பினதும் மொதல்ல வாயில என்ன போகும்?" என்று தொடங்கினேன். சுடுதண்ணியில் எலுமிச்சை. உடம்பு மெலிய என்று இரண்டு வருடமாக. அப்புறம் தேத்தண்ணி? பிளேன்டீதான், எலுமிச்சை பிழிந்து, நாளைக்கு மூன்று நான்கு தரம். அலுவலக மேசையில் வைத்துக்கொண்டு ஒரு கோப்பையை ஒரு மணித்தியாலம் உறிஞ்சுவாராம்.

மூன்றாம் தடவை வேறு மாதிரிக் கேட்டபோதுதான் மற்றது வந்தது. வெளுத்த பல் மறுபடி மஞ்சளாகாமல் இருக்க, ஊருக்கு வந்த நாளிலிருந்து இரவில் உப்பும் எலுமிச்சைச் சாறும் குழைத்து விரலால் தேய்த்திருக்கிறார். போனில் பார்த்த வீடியோ. தாய் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது.

எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம், ஹைட்ரொக்சி அபடைட் என்ற கல்சியப் பொஸ்பேட். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். ஆனால் அதற்குள் உயிரணு கிடையாது; எலும்பு ஒட்டுவதுபோல, தோல் வளர்வதுபோல அது திரும்ப வளராது. வாயின் பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2இலிருந்து 2.5. அமிலம் பட்ட எனாமலின் மேல்தோல் சில நிமிடங்களில் மென்மையாகிவிடும். அப்படியே விட்டால் உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொஸ்பேட்டும் ஓரளவுக்கு அதை மறுபடி இறுக்கும். மென்மையாகியிருக்கும் நேரத்திலேயே உப்பைப் போட்டுத் தேய்த்தால்? இறுகுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது.

இந்தத் தேய்வு இரண்டு வருட எலுமிச்சையின் வேலை, கடைசி இரண்டு கிழமை உப்பு அதை வேகப்படுத்தியது என்பது என் முடிவு. தேயிலையைக் குற்றம் சொல்ல முடியாது. தேத்தண்ணி பல்லில் கறை ஏற்றும், அவ்வளவுதான். எலுமிச்சை பிழியாத சாயத் தண்ணிக்கு எனாமலை இப்படி வழவழப்பாக்கும் அமிலம் கிடையாது.

வெள்ளைத் திட்டுக்கு வருவோம். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், குறுக்கு வாட்டில், ஓரம் தெளிவில்லாமல் மங்கிப் போகும் திட்டுகள். இந்தச் சமச்சீர் எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. தாயிடம் கேட்டேன்: "அம்மா, இவங்க சின்னப் பிள்ளையில எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளந்தாங்க?"

"ஏழு வயசு வரைக்கும் வவுனியாவில, எங்கம்மாகிட்டங்க. அங்க கெணத்துத் தண்ணிதான்."

1983க்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். இவர்களின் உறவிலும் ஒரு பகுதி அங்கேதான். வட மத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய வவுனியாப் பகுதிகளிலும் நிலத்தடி நீரில் புளோரைட் கூடுதல் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. நம் மலைச் சுனைத் தண்ணீரில் அது மிகக் குறைவு. பல் முரசுக்குள் உருவாகும் வயதில் புளோரைட் கூடினால் எனாமலின் அடிப்பகுதி முழுதாக இறுகாமல், நுண்துளைகளோடு நின்றுவிடும். அந்த இடம் ஒளியை வேறு மாதிரித் திருப்பி அனுப்பும். இதுதான் பல் புளோரோசிஸ். மலையிலேயே பிறந்து வளர்ந்த இவருடைய தம்பியின் பல்லில் திட்டு இல்லை; அடுத்த தடவை அவரையும் வரச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

திட்டு முன்பே இருந்தது, ஆனால் பல்லின் மஞ்சளோடு கலந்து யார் கண்ணுக்கும் படவில்லை. வெளுப்பின்போது பல் காயும். நீர் போன நுண்துளைகள் இன்னும் வெள்ளையாகத் தெரியும். மருந்து திட்டை உண்டாக்கவில்லை, காட்டிக் கொடுத்தது. வெளுக்கும் முன் பல்லை நன்றாகக் காயவைத்துப் பார்த்திருந்தால் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும்.

அப்படியானால் மருந்து என்னதான் செய்கிறது

பலர் நினைப்பதுபோல வெளுப்பு மருந்து பல்லின் மேல்பக்கத்தைச் சுரண்டி எடுப்பதில்லை. ஹைட்ரஜன் பெரொக்சைட்டின் மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலின் பளிங்குகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் ஊடுருவி, உள்ளே டென்டினுக்குப் போகிறது. பல்லின் மஞ்சளில் பெரும்பகுதி இருப்பது டென்டினில்தான். அங்கே நிறம் தரும் பெரிய கரிமச் சேர்மங்களின் இரட்டைப் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒளியைக் குறைவாக உறிஞ்சுவதால் பல் வெளிறித் தெரிகிறது.

உள்ளே போவது அங்கேயே நிற்பதில்லை. பிடுங்கிய பற்களில் செய்த பரிசோதனைகளில், கால் மணி நேரத்துக்குள் பெரொக்சைட் நரம்பு அறை வரை போய்ச் சேர்வதைக் கண்டிருக்கிறார்கள். கூச்சம் வருவது இதனால்தான். வெளுத்துக்கொள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் கூச்சம் வரும். பெரும்பாலும் சில நாட்களில் தானாகப் போய்விடும். எனாமல் மெலிந்து டென்டின் திறந்திருக்கும் வாயில், அதே மருந்து, அதே நேரம், ஆனால் வழி திறந்து கிடக்கிறது. நாலு நாள் இடைவெளியில் இரண்டு தடவை வைத்தால் நரம்புக்கு ஆறுவதற்கு நேரமே இல்லை. இவருக்கு 8 என்ற வலி வந்தது அப்படித்தான்.

எனாமலுக்கு ஒன்றுமே ஆகாதா? ஆகும், அதை மறைக்க வேண்டியதில்லை. அதிக செறிவுள்ள ஜெல் வைத்த எனாமலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் சில ஆய்வுகளில் நுண்குழிகளும் சொரசொரப்பும் தெரிந்திருக்கின்றன. மேற்பரப்பின் கடினத்தன்மையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வேறு ஆய்வுகளில் மாற்றமே இல்லை. முரண்பாட்டுக்குக் காரணம் தேடினால் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, ஜெல்லின் பி.எச். அளவு. ஜெல் கெடாமல் இருப்பதற்காகச் சிலவற்றை அமிலப் பக்கமாகத் தயாரிக்கிறார்கள். எனாமலை மென்மையாக்குவது பெரும்பாலும் அந்த அமிலம்தான். நடுநிலை ஜெல்லில் இது மிகக் குறைவு. மற்றது உமிழ்நீர். ஆய்வுகூடத்தில் பிடுங்கிய பல்லைத் தண்ணீரில் வைக்கிறார்கள். வாய்க்குள் உமிழ்நீர் மறுபடி கனிமம் கொடுத்து, நாட்கணக்கில் அந்தக் கடினத்தன்மையைத் திருப்பித் தருகிறது. எலுமிச்சையும் உப்பும் மாறி மாறி அந்தத் திருத்த வேலையைக் குலைக்காமல் இருந்தால்தான் இது நடக்கும். இவர் வாயில் அதற்கு விடவே இல்லை.

நீல விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த விளக்கு நோயாளிக்கு நம்பிக்கை தருகிறது, ஜெல்லுக்குப் பெரிதாக எதையும் தருவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் பக்கம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் விளக்கடியில் இருந்தால் பல் காய்ந்து, உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியும். அந்த நேரத்தில் நிற அட்டையை வைத்தால் பி1. நீர் ஏறியதும் நிறம் இறங்கத்தான் செய்யும். இவருக்கு மூன்றாம் நாள் "இறங்கிய" வெள்ளையில் ஒரு பங்கு, முதலிலேயே வராத வெள்ளை. அதைத் துரத்திக்கொண்டுதான் இரண்டாம் தடவை போயிருக்கிறார். நிறத்தை அளப்பதென்றால் குறைந்தது ஒரு கிழமை, நான் என்றால் இரண்டு கிழமை கழித்து அளப்பேன்.

கழன்ற அடைப்பின் காரணமும் இந்த மருந்துதான். வெளுத்த உடனே பல்லுக்குள் மிஞ்சியிருக்கும் ஒட்சிசன், அடைப்புப் பசை இறுகுவதைத் தடுக்கும். இரண்டு கிழமை பொறுத்தால் ஒட்டும் பலம் திரும்பிவிடும். இரண்டு நாளில் வைத்தது நிற்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

ஆக, தாய் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இப்படி அமைந்தது: வலி மருந்தால் வந்தது, அது போகும். அடைப்பு விழுந்தது மருந்தாலும் அவசரத்தாலும். திட்டு வவுனியாக் கிணற்றிலிருந்து வந்தது. பல்லைத் தின்றது எலுமிச்சை. "மருந்து தின்னலீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லையம்மா, தின்ற பல்லில் மருந்தை வைத்துவிட்டார்கள் என்றேன்.

செய்தவை

முதல் நாள் அறுப்பதும் இல்லை, தேய்ப்பதும் இல்லை. கூச்சம் உள்ள எல்லாப் பல்லிலும் 5 சதவீத சோடியம் புளோரைட் வார்னிஷ் பூசினேன். அது பூசினால் பல் ஒரு நாளைக்கு மஞ்சளாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டார். இவ்வளவு பாடுபட்டு வெளுத்த பல் அல்லவா. நாளைக் காலை பிரஷ் பண்ணும்போது போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு: மெல்லிய நாரில் பிரஷ், 1450 பிபிஎம் புளோரைட் பேஸ்ட், துப்பிய பிறகு தண்ணீரால் கொப்பளிக்கக் கூடாது. அளவெடுத்துச் செய்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் ஜெல், தினமும் 20 நிமிடம். பொட்டாசியம் நரம்பின் சமிக்ஞையை அடக்கும். இரவில் படுக்கும் முன், பால் புரதத்திலிருந்து செய்த கல்சியம் பொஸ்பேட் கிரீம். பால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். முதல் மூன்று நாளைக்கு மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு வலி மாத்திரை. காலையில் லயத்துப் (தோட்டக் குடியிருப்புப்) பீலித் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டாம், சுடுதண்ணி கலந்துகொள்ளச் சொன்னேன். அந்த மாதத்தில் அந்தத் தண்ணீர் நல்ல பல்லையே கூச வைக்கும்.

எலுமிச்சை முழுக்க நிறுத்தம். தேத்தண்ணி? கொழும்பில் அவருக்கு "மூணு நாளைக்குத் தேத்தண்ணி, சம்பல், குழம்பு எதுவும் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெளுக்கும் நாட்களில் தேத்தண்ணி குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேயிலைக்கு நடுவில் வாழ்பவர்களிடம் தேத்தண்ணியை நிறுத்து என்று சொல்வது, அவர்கள் காதில் ஏறாத ஒன்றைச் சொல்வது. அதனால் நான் சொன்னது இவ்வளவுதான்: குடிங்க, எலுமிச்சை இல்லாமல், சீனி இல்லாமல், ஒரு மணித்தியாலம் உறிஞ்சாமல்.

நாலாம் நாள் போனில் கேட்டேன், வலி 4. பதினான்காம் நாள் நேரில் வந்தபோது 1, சால்வை கழுத்தில். அன்று நிற அட்டை ஏ1. இரண்டாவது வெளுப்பு முடிந்து 27 நாள் ஆகியிருந்ததால் முன்பல்லின் மூலையை அன்றே கட்டினேன். பழைய ஓரத்தைச் சரிவாக்கி, எனாமலை அமிலத்தால் தயார் செய்து, இரண்டு நிறத்தில் அடுக்கினேன்: உள்ளே கொஞ்சம் மஞ்சள், நுனியில் கண்ணாடித் தன்மை உள்ள பொருள். ஒரே வெள்ளையில் கட்டினால் பொய்ப் பல் போலத் தெரியும். கடைவாய் முகட்டுக் குழிகளையும் அடைத்தேன்.

திட்டுகளை என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் யோசித்தேன். அமிலமும் படிகத் தூளும் சேர்த்துத் தேய்த்து எடுக்கும் முறை உண்டு. நல்ல தடிப்புள்ள எனாமலில் அழகாக வரும். இந்தப் பல்லில் இன்னும் ஒரு மைக்ரோனைக் கூட இழக்க எனக்கு மனமில்லை. பிசினை உள்ளே ஊற விடும் முறைக்கு, செலவைச் சொல்லி, கண்டிக்குப் போகலாம் என்றேன். இதற்குள் பல்லில் நீர் ஏறி, திட்டு பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது இருந்துட்டுப் போகட்டும் டொக்டர்" என்றார். சரி என்றேன். நல்ல முடிவு.

தாயின் வாயையும் அன்று பார்த்தேன். வெற்றிலைக் காவி ஏறிய பற்கள், பாக்கு மென்று மென்று தட்டையான முகடுகள். "எனக்கு செவந்த பல்லு, ஆனா ஒரு நாளும் கூசினதில்ல" என்றார். உண்மைதான். ஆனால் வாயை முழுதாகத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல்தான் நுழைந்தது. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, நார் போல இறுகியிருந்தது. பாக்கினால் வரும் இறுக்கம் இது, புற்றுநோயாக மாறக்கூடியது. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருக்கும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான். தோட்டப் பெண்களும் வெற்றிலையால் அந்த வரிசையில் நிற்கிறார்கள். உடனே தாய்க்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு. அவர் போனார், இப்போதும் போய்வருகிறார். பாக்கை விட்டுவிட்டார்.

மறுபடி வெளுக்கலாமா

கல்யாணம் நல்லபடி நடந்தது. ஆறாம் மாதம் பரிசோதனைக்கு வந்தார். வலி 0. எல்லாப் பல்லும் குளிருக்கு உயிரோடு பதில் சொன்னது. முதல் நாள் எடுத்து வைத்த அச்சோடும் படங்களோடும் ஒப்பிட்டேன். பின்பக்கத் தேய்வு அங்கேயே நிற்கிறது, கூடவில்லை. மூலை அடைப்பு உறுதி. நிறம் ஏ1க்கும் ஏ2க்கும் நடுவில். இது அவருடைய பல்லுக்கு நல்ல நிறம்.

அப்போது கேட்டார், மறுபடி வெளுக்கலாமா என்று. இப்போதைக்கு வேண்டாம் என்றேன். பிறகு ஒரு காலத்தில் ஆசைப்பட்டால், 10 சதவீத கார்பமைட் பெரொக்சைட். தட்டில் வைத்து இரவில் போடுவது, மெதுவாக, இரண்டு மூன்று கிழமை. அது கரைந்தால் ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்தான் கிடைக்கும், 35இல் பத்தில் ஒரு பங்கு. கூடவே வரும் யூரியா பி.எச்.ஐ மேலே தள்ளும்.

இந்த முறையின் பிறப்பே தற்செயலானது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பல் வரிசை சீராக்கும் வைத்தியர் ஒருவர், முரசுப் புண் ஆற வாய்க்கிருமி மருந்தாக இதைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். புண்ணும் ஆறியது, பல்லும் வெளுத்தது. 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற பல் வைத்தியர்கள் இருவரும் முறைப்படி எழுதி வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மெதுவானது என்பதாலேயே பலர் விரும்புவதில்லை. நான் என் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் கொடுக்கிறேன்; கூச்சம் வந்தால் ஒரு இரவு விட்டுவிடலாம், நாற்காலியில் 35 சதவீதத்தை வைத்த பிறகு அப்படி விட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012இலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ள வெளுப்புப் பொருளை விற்க முடியாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கொடுக்க முடியாது. அந்த அளவுக்குள்ளேயே அங்கே பற்கள் நன்றாகத்தான் வெளுக்கின்றன.

பண்டாரவளையிலிருந்து கணவரும் கூட வந்திருந்தார். மனைவி இறங்கியதும், தனக்கும் வெள்ளையாக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உட்காரச் சொல்லி வாயைப் பார்த்தேன். எனாமல் தடித்து, வரிகளோடு, நல்ல நிலையில் இருந்தது. கீழ் முன்பற்களின் பின்னால் இறுகிப் படிந்த காரை, எல்லாப் பல் இடுக்கிலும் தேயிலைக் கறை. இது வெளிக் கறை. பெரொக்சைட்டுக்கு இங்கே வேலையே இல்லை. காரையை எடுத்து, கறையை மெருகிட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணாடியைக் கொடுத்தபோது அவர் கேட்ட வெள்ளை அதிலேயே இருந்தது.

போகும்போது மனைவி அவரிடம் கேட்டது கதவு வரை கேட்டது: "நீங்க தேத்தண்ணியில எலுமிச்சம்பழம் போடுவீங்கல்ல?"

அவருக்கும் ஆறு மாதத்தில் ஒரு திகதி குறித்துக் கொடுத்தேன்.